இரண்டாவது தாள்

கணக்கில் ஃபெயில் ஆனதற்காகத் தன்னை ஒருவர் தேடி வந்து கெஞ்சுவார் என்று க்ரீம் அக்கா கனவிலும் நினைத்ததில்லை.

அவள் பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்பவள். விளிம்பு கட்டுவது, பூ வைப்பது, பிறந்தநாள் பிள்ளையின் பெயரை எழுதுவது எல்லாம் அவள் கைவேலை. அதனால் கடையிலும் தெருவிலும் அவளுடைய சொந்தப் பெயரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, க்ரீம் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் மதியம் எதிர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸம்மா கடைக்குள் வந்தாள். கேக் வாங்க வரவில்லை.

“அக்கா, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?”

க்ரீம் அக்காவுக்குச் சுருக்கென்றது. “பத்தாவது. அதுலயும் கணக்குல போச்சு. இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை?”

“அப்பாடா!” என்றாள் நர்ஸம்மா. பல நாளாகத் தேடிய மருந்து கிடைத்ததுபோல் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய மகள் கணிதக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். பதினெட்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் பார்வையை முழுதாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் கேள்வியைப் படித்துச் சொல்லவும், அவள் சொல்லும் விடையைத் தாளில் குறிக்கவும் கூட ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் பத்தாவதுக்கு மேல் படித்திருக்கக் கூடாது, கணக்குத் தெரிந்தவராக இருக்கவே கூடாது என்பது தேர்வு நடத்துகிறவர்களின் விதி.

“எங்க சொந்தத்துல, கூட வேலை பாக்கிறவங்கள்ல, எல்லாரும் டிகிரி வாங்கித் தொலைச்சிருக்காங்க அக்கா. இதுக்கு ஒருத்தர்கூட தேற மாட்டாங்க. அதோட உங்க கைய நான் பாத்திருக்கேன். கோட்டை விட்டு வெளிய போகாத கை.”

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஃபெயிலுக்கு ஒரு மரியாதை கிடைத்ததில் க்ரீம் அக்கா கொஞ்சம் கிறங்கித்தான் போனாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வருடத்துக்கு முப்பது பேரைத்தான் சேர்ப்பார்கள். எழுதுகிறவர்களோ ஆயிரக்கணக்கில். பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆசிரியர் தரும் நற்சான்று, சின்ன வயதிலிருந்து அள்ளிய கோப்பைகள், எதற்கும் அங்கே இடமில்லை. அறுபது கேள்வி, ஒரு தாள், அந்தத் தாளை விழுங்கி ஒரு எண்ணைத் துப்புகிற ஒரு இயந்திரம். அந்த எண்தான் பிள்ளை. சிபாரிசு உள்ளே நுழைய முடியாது என்ற மட்டில் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடப் படிப்பை ஒரே காலையில் எடை போட்டுக் காட்டுகிறேன் என்கிற அந்தத் துணிச்சல் இருக்கிறதே, அதை நினைத்தால் எரிச்சல் வராமல் இருக்குமா?

பழகிக்கொள்வதற்காக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாப்பா பேக்கரியின் பின்னறைக்கு வந்தாள். அடுப்பு அணைந்திருக்கும், ஆனாலும் சுவரெல்லாம் வெண்ணெய் மணக்கும். மாவு சலிக்கும் மேசையின் ஒரு பக்கம் அவள், எதிரே பழைய வினாத்தாள் புத்தகத்தோடு க்ரீம் அக்கா. முதல் கேள்வியைப் பார்த்த உடனேயே அக்கா மலைத்துப் போனாள். அதில் பாதி எழுத்தே இல்லை, ஏதோ பூச்சி ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது.

“இதையெல்லாம் எப்படிப் படிக்கிறதுன்னே எனக்குத் தெரியலையே, பாப்பா.”

“பேர் தெரியலன்னா உருவத்தைச் சொல்லுங்க அக்கா. ஒம்பது வயசு வரைக்கும் பாத்த உருவமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க சொன்னா நான் பிடிச்சுக்குவேன்.”

அப்படித்தான் அந்தப் பாஷை பிறந்தது. நீளமாக வளைந்து நின்றது கொக்கி ஆனது. நடுவில் கோடு போட்ட வட்டம், பெல்ட் போட்ட முட்டை. இரண்டு கால் வைத்து மேலே பலகை போட்டிருந்தது ஸ்டூல். பக்கவாட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற ஒன்றுக்கு, மடக்கி வைத்த நாற்காலி என்று அக்காவே பெயர் வைத்தாள். படுத்துக் கிடந்த எட்டு, படுத்த எட்டாகவே இருந்துவிட்டது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “படிச்சவங்க வச்ச பேரைவிட இது எவ்வளவோ மேல்” என்றாள்.

இரண்டாவது வாரம் ஒரு கணக்கு வந்தது. க்ரீம் அக்கா பெரிய மனுஷி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். “கொக்கி. காலடியில பூஜ்யம், தலையில ஸ்டூல். உள்ள ஒரு பெல்ட் முட்டை. பக்கத்துல எஸ், ஐ, என். அதுக்குப் பக்கத்துல இன்னொரு பெல்ட் முட்டை. கடைசியில டி, மறுபடி ஒரு பெல்ட் முட்டை.”

பாப்பா ஒன்றும் எழுதவில்லை. அவள் எப்போதுமே எழுதுவதில்லை. பேப்பர் வேண்டாமா என்று அக்கா முதல் நாளே கேட்டதற்கு, “எழுதி என்ன பண்றது, திருப்பிப் படிக்கவா போறேன்?” என்று சொல்லியிருந்தாள். இப்போது அவள் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வலது கைச் சுட்டுவிரல் மட்டும் காற்றில் மேலே ஏறியது, ஒரு இடத்தில் தயங்கியது, இறங்கியது.

“ஸ்டூல்” என்றாள்.

“என்னது ஸ்டூல்?”

“விடை. கொக்கியும் போச்சு, முட்டையும் போச்சு. எல்லாம் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கிட்டு கடைசியில ஸ்டூல் மட்டும் நிக்குது அக்கா.”

புத்தகத்தின் பின்பக்கம் புரட்டிப் பார்த்தாள் க்ரீம் அக்கா. அங்கே தன்னந்தனியாக ஒரு ஸ்டூல் நின்றது. அவள் வெறும் உருவங்களைத்தான் சொன்னாள், அர்த்தம் ஒரு துளிகூட அவளுக்குத் தெரியாது. அந்த உருவங்களை இருட்டில் வாங்கி, இருட்டிலேயே கலைத்துப் போட்டு, மிஞ்சியதை இந்தப் பெண் எடுத்துக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தன்னை அழ வைத்த அதே கணக்குக்குள் ஒருத்தி இவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்க முடியுமா என்று அன்று இரவு சாப்பிடும்போதுகூட நினைத்துக்கொண்டாள். இந்தப் பெண் அந்தக் கல்லூரிக்குப் போகாவிட்டால் வேறு யார் போவது என்று அவளுக்கு ஒரு பிடிவாதமே வந்துவிட்டது.

தேர்வு நாளன்று அவர்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். மூன்று நாற்காலி, ஒரு மேசை, சுவரில் கடிகாரம், மூலையில் கேமரா. அறைக் கண்காணிப்பாளர் ஒரு பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு விதிகளைச் சொன்னார்.

“கேள்வியைப் படிக்கலாம். அவங்க சொல்ற விடையைத் திருப்பிச் சொல்லிச் சரிபாத்துக்கலாம். அதுக்கு மேல விடையைப் பத்தி உங்க சொந்த வார்த்தை ஒண்ணு வந்தாலும் தாள் செல்லாது. கறுப்பு மை, அழிக்க முடியாது. சரியான விடைக்கு நாலு மார்க், தப்புக்கு ஒண்ணு கழிப்பாங்க. புரிஞ்சுதாம்மா?”

புரிந்தது என்று க்ரீம் அக்கா தலையை ஆட்டினாள். விடைத்தாள் ஒரே பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் நான்கு குட்டி வட்டங்கள். கேக் மேல் வைக்கும் மொட்டைவிடச் சின்னது. இதை நிரப்புவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

முப்பது கேள்வி வரைக்கும் வண்டி குலுங்காமல் ஓடியது. அக்கா படிப்பாள், பாப்பாவின் விரல் காற்றில் ஏறி இறங்கும், ஒரு எண் வரும், அக்கா வட்டத்தை நிரப்புவாள். முப்பத்தொன்று கொஞ்சம் நீளமான கேள்வி. “இது இழுக்கும் அக்கா. கடைசியில பாத்துக்கலாம்” என்றாள் பாப்பா. அடுத்த கேள்விக்குப் போனார்கள். அது கொக்கிக் கணக்கு.

“கொக்கி. காலடியில பெல்ட் முட்டை, தலையில ஸ்டூல்…”

நாற்காலி கிறீச்சிட்டது. கண்காணிப்பாளர் எழுந்து வந்துவிட்டார். “நிறுத்துங்க. என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்? முட்டை, ஸ்டூல்னு ஏதோ சங்கேதம் மாதிரி இருக்கு?”

தன் வாயாலேயே பெண்ணின் தேர்வைக் கெடுத்துவிட்டோமோ என்று க்ரீம் அக்கா பதறிப்போனாள். வினாத்தாளைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

“இது தீட்டாங்கிற கிரேக்க எழுத்து.”

“அதேதான் சார். பெல்ட் போட்ட முட்டை.”

அவர் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இத்தனை வருடமாக அதற்கு ஒரு பெல்ட் இருப்பதை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. உதட்டோரம் துடித்தது. “சரி சரி, நடத்துங்க” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கையின் கவனம் திரும்பி வரவில்லை. பாப்பா “மூணு” என்றாள். க்ரீம் அக்கா தாளைப் பார்த்தாள். கேக் விளிம்பு கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் எண்ணிக்கொண்டு வைப்பதில்லை. கடைசியாக வைத்த பூவைப் பார்ப்பார்கள், அதை ஒட்டி அடுத்ததை வைப்பார்கள். நடுவில் இடைவெளி விட்டால் அது வேலையே இல்லை, முதலாளி கேக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். பல வருடமாக ஊறிப்போன அந்தக் கை, முப்பதாவது வட்டத்துக்கு அடுத்து ஒட்டினாற்போல் அடுத்த வட்டத்தை நிரப்பியது. முப்பத்திரண்டின் விடை முப்பத்தொன்றின் வரிசையில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே, அழகாக, இடைவெளியே இல்லாமல்.

அறுபதாவது விடையையும் வைத்து முடித்து நிமிர்ந்தபோது, தாளின் அடியில் ஒரு வரிசை காலியாக இருந்தது.

க்ரீம் அக்காவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. நகத்தை வைத்து வரிசையாக மேலே போனாள். முப்பத்தொன்றில் போய் நகம் நின்றது. காலியாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். பேனா கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது.

“என்ன அக்கா?” என்றாள் பாப்பா.

“ஐயோ பாப்பா… வரிசை மாறிப் போச்சு. முப்பத்தொண்ணுலேருந்து எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டேன். உன் குடியைக் கெடுத்துட்டேன்டா.”

கண்காணிப்பாளர் ஓடி வந்து பார்த்தார். அவர் முகமும் விழுந்துவிட்டது. மாற்றுத் தாள் உண்டு, தரலாம் என்றார். க்ரீம் அக்கா கையெடுத்துக் கும்பிடப் போனாள். அதற்குள் அவரே சொன்னார்: “ஆனா ஒருத்தர்கிட்ட ஒரு நேரத்துல ஒரு தாள்தான் இருக்கலாம். பழசைக் குறுக்க அடிச்சு, உறையில போட்டு ஒட்டினப்புறம்தான் புதுசைப் பிரிக்க முடியும்.”

“பாத்து எழுதிக்கிறோம் சார். விடையெல்லாம் சரியா இருக்கு, இடம்தான் மாறியிருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்க போதும்.”

“என்னால முடியாதும்மா. மேல கேமரா இருக்கு. பாத்து எழுதவிட்டா புதுசும் செல்லாமப் போயிரும்.” அவர் குரலில் அதிகாரம் இல்லை, தவிப்புதான் இருந்தது. “இப்படியே குடுத்துட்டு முறையிடலாம். ஆனா பதில் வர்றதுக்குள்ள சேர்க்கையே முடிஞ்சிரும்.”

பாதித் தாள் தப்பு. தப்புக்கு ஒன்று ஒன்றாகக் கழிப்பார்கள். அந்த எண்ணோடு அந்தக் கல்லூரியின் வாசல் பக்கம்கூடப் போக முடியாது என்பது கணக்குத் தெரியாத க்ரீம் அக்காவுக்கே தெரிந்தது.

பாப்பா கேட்டாள். “எவ்வளவு நேரம் சார் இருக்கு?”

“கால் மணி நேரம். அதுக்கு மேல கொஞ்சம் இருக்கு.”

“பழைய தாளை எடுத்துக்குங்க சார்.”

“பாப்பா, வேணாம்டா! இதுல முதல் முப்பது கேள்வியாவது சரியா இருக்கு. அதுவும் போயிரும். அறுபதையும் எப்படி ஞாபகம் வச்சிருப்ப?” க்ரீம் அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

“அக்கா, பேனாவை எடுங்க” என்றாள் பாப்பா. கடையில் கேக் கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

பழைய தாளின் குறுக்கே கோடு விழுந்தது. உறை ஒட்டப்பட்டது. மேசைமேல் புதுத் தாள், அறுபது வரிசையும் வெள்ளையாக. க்ரீம் அக்கா இம்முறை இடது கை விரலை வரிசை எண்ணின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். அந்த விரலை வெட்டினாலும் நகர்த்துவதில்லை என்று முடிவு.

“மொதல் கேள்விக்கு ரெண்டு” என்றாள் பாப்பா. “அடுத்தது நாலு. அடுத்தது ஒண்ணு. அதுக்கடுத்ததும் ஒண்ணு.”

எண்கள் வர ஆரம்பித்தன. அக்காவின் கை பின்னாலேயே ஓடியது. பத்து கேள்வி தாண்டியபோதுதான் அவளுக்கு ஏதோ ஒன்று உறைத்தது. ஒப்பித்தால் குரல் ஒரே சீராக வரும். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளையைப் பார்த்தால் தெரியுமே. இது அப்படி வரவில்லை. லேசான கேள்விகள் இருந்த இடத்தில் விடைகள் கொட்டின. கஷ்டமான கேள்வி இருந்த இடத்தில் குரல் நின்றது. சுட்டுவிரல் காற்றில் ஏறியது, அதே இடத்தில் தயங்கியது, இறங்கியது. அப்புறம்தான் எண் வந்தது.

அவள் விடையை நினைவிலிருந்து எடுக்கவில்லை. மறுபடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேலாக அக்கா வாசித்த அத்தனை கொக்கியும் முட்டையும் நாற்காலியும் அவளுக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒருமுறைதான் கேட்டிருந்தாள். இப்போது யாரும் படித்துக் காட்டாமல், ஒவ்வொன்றாக அவற்றின் முன்னால் போய் நின்று, மறுபடி அவிழ்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

க்ரீம் அக்காவுக்குப் பிடரி மயிர் எழுந்து நின்றது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடலை முதல்முறை பார்த்தபோது மட்டும்தான் அவள் இப்படி ஆகியிருக்கிறாள். தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது முழங்கையில் தழும்பு உள்ள, பன் கொடுத்தால் ஓரத்தை முதலில் தின்கிற அதே பெண்தானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கண்காணிப்பாளரும் உட்காரவில்லை. மேசைக்குச் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, மாணவன்போல் நின்றிருந்தார்.

நாற்பத்தேழு வந்தது. மடக்கி வைத்த நாற்காலி, அதன் தலையில் படுத்த எட்டு. இந்தக் கேள்வி க்ரீம் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் தடவை இதற்குப் பாப்பா நாலு என்று சொன்னாள். நாலாவது வட்டத்தில் மை கொஞ்சம் ததும்பிவிட்டதே என்று அக்கா மனதுக்குள் நொந்துகொண்டாள்.

பாப்பாவின் விரல் ஏறியது. நின்றது. கீழே வந்து மறுபடி முதலிலிருந்து ஏறியது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு” என்றாள்.

பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. நாலு என்பது க்ரீம் அக்காவின் நுனிநாக்கில் வந்து நின்றது. சொன்னால் தாளே செல்லாது. சொல்லாவிட்டால் ஒரு விடை போகும். பெண் குழம்பிவிட்டாள், களைத்துவிட்டாள், இதற்கெல்லாம் காரணம் தன் கை. அவளுக்கு இருந்த ஒரே வழி, விதி கொடுத்த வழிதான்.

“நாற்பத்தேழு… ரெண்டு?” என்று கேட்டாள். தன்னால் முடிந்த மட்டும் அந்த ரெண்டை இழுத்தாள்.

“ரெண்டு” என்றாள் பாப்பா. அடுத்ததற்குப் போய்விட்டாள்.

க்ரீம் அக்கா இரண்டாவது வட்டத்தை நிரப்பினாள். அறுபது வரை முடிந்ததும் விட்டு வைத்திருந்த முப்பத்தொன்றைப் படித்தாள். பாப்பா ஒன்று என்றாள். அந்த வட்டத்தை நிரப்பி முடிக்கவும் மணி அடித்தது. கண்காணிப்பாளர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாப்பாவுக்கு அவரே கதவைத் திறந்து பிடித்தார்.

தாழ்வாரத்தில் நாலடி வைப்பதற்குள் க்ரீம் அக்கா அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. “நாற்பத்தேழு! மொதல்ல நாலுன்னு சொன்னியே பாப்பா! அப்புறம் ரெண்டுன்னு மாத்திட்டியே! எனக்குத் தெரியும், சொல்ல முடியல…”

பாப்பா நின்றாள். “மொதல் தடவை தப்பாப் போட்டேன் அக்கா. ஒரு மைனஸை விட்டுட்டேன். ரெண்டாவது தடவை போறப்பதான் அது அங்க நிக்கிறது தெரிஞ்சுது. அது ஒண்ணுதான் மாத்தினேன், மத்ததெல்லாம் அப்படியேதான்.”

“எனக்கு ஆறுதலுக்காகச் சொல்றியா?”

“கணக்குல எதுக்கு அக்கா பொய் சொல்லப் போறேன்? அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் தூங்க மாட்டாங்க.”

க்ரீம் அக்கா நம்பவில்லை. நல்ல பெண், பெரியவள் மனம் நோகக் கூடாதென்று ஒரு மைனஸைக் கற்பித்துச் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தாள். வெளியே காத்திருந்த நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாப்பா நன்றாக எழுதினேன் என்றாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களைக் கேட்காதீர்கள். இரண்டு கேக்கில் பெயரை மாற்றி எழுதிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் பின்னறைப் பக்கமே போவதில்லை. அவ்வளவு பெரிய ஒன்றைத் தன் கண்ணால் பார்த்தாள், அதைத் தன் கையாலேயே கெடுத்தாள். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள்தான் நடமாடுவாள்?

முடிவு வந்த அன்று நர்ஸம்மா சீருடையோடு தெருவைக் கடந்து ஓடி வந்தாள். பின்னாலேயே பாப்பா, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

“அக்கா! இருநூத்தி முப்பது! இருநூத்தி இருபத்தெட்டோட முப்பது சீட்டும் முடிஞ்சிருச்சாம். பாப்பாவுக்குக் கிடைச்சிருச்சு!”

கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முதலாளி பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். க்ரீம் அக்கா மட்டும் க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஆன்சர் கீ வந்திருக்கா?” என்று கேட்டாள்.

“வந்திருக்கு. எதுக்கு அக்கா?”

“நாற்பத்தேழுக்கு என்ன போட்டிருக்கான்னு பாருங்க.”

நர்ஸம்மா ஃபோனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். “நாற்பத்தேழு… ரெண்டு.”

க்ரீம் அக்கா கணக்குப் போட்டாள். மெதுவாகத்தான் போட்டாள், ஒரு விரலை மடக்கி, இன்னொன்றை நீட்டி. பழைய விடையே இருந்திருந்தால், சரியான விடைக்கு வந்த நாலு மார்க் வந்திருக்காது. தப்புக்கு இன்னொன்று போயிருக்கும். மொத்தம் ஐந்து. இருநூற்று முப்பதில் ஐந்து போனால் இருநூற்று இருபத்தைந்து. இருபத்தெட்டோடு கதவைச் சாத்திவிட்டார்கள். ஒருமுறை போட்டதை நம்பாமல் இரண்டாம் முறையும் போட்டாள். அதே எண்தான் வந்தது.

பாப்பா பொய் சொல்லவில்லை. ஒட்டி வைத்த உறைக்குள் கிடக்கும் அந்த நாலைப் பற்றி அந்தக் கல்லூரிக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியாது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

க்ரீம் அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“என்ன அக்கா இது, சந்தோஷமான நேரத்துல?” நர்ஸம்மா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். “அதான் சீட் கிடைச்சிருச்சே!”

“நர்ஸம்மா, உங்க பொண்ணு அன்னிக்கு ரெண்டு பரீட்சை எழுதினா” என்றாள் க்ரீம் அக்கா. “மொதல் பரீட்சையில அவளுக்கு சீட் கிடைக்கல.”